பிரஷ் வேண்டாத ஷேவிங் கிரீம்: கடையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் வீட்டில் இருக்கும் வயசானவர்களுக்காகத்தான் ஷேவிங் கிரீம் கேட்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வீட்டோடு இருக்கிற மருமகளோ, பார்த்துக்கொள்ள வரும் பையனோதான் முகம் மழித்துவிட வேண்டியிருக்கும். என் வீட்டிலும் அதே கதைதான். அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பக்கவாதம் வந்து வலது கை ஓய்ந்த பிறகு மூன்று வருஷமாக நான்தான் அவருக்குச் சவரம் செய்கிறேன். பிரஷ் இல்லாத கிரீமைப் பற்றி மருந்தாளுநர் படிப்பில் தெரிந்துகொண்டது கொஞ்சம், அவர் கன்னத்தில் தெரிந்துகொண்டது நிறைய.

கிரீமைப் பார்த்து வாங்குவது பாதி வேலை. முடியை நன்றாக நனைய விடுவது மீதிப் பாதி. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் மாறி மாறி வரும்.

பிரஷ் இல்லாம போடற கிரீம்னா என்னண்ணே? சாதாரண கிரீமையே விரலால தடவிக்கக் கூடாதா?

தடவிக்கொள்ளலாம், ஆனால் அது தன் வேலையைச் செய்யாது. பிரஷ்ஷால் குழைத்து நுரை எழுப்பும் கிரீம் அடிப்படையில் சோப்பு. தேங்காய் எண்ணெய், கொழுப்பு இவற்றிலிருந்து வரும் அமிலங்களைக் காரத்தோடு சேர்த்துச் செய்தது. தண்ணீரும் காற்றும் கலந்து நுரையானால்தான் அது முடியைச் சுற்றி நிற்கும், பிளேடும் வழுக்கும். விரலால் அப்படியே பூசினால் அடர்ந்த சோப்புக் குழம்புதான் தோல் மேல் உட்கார்ந்திருக்கும். கடுகடுவென்று எரியும்.

பிரஷ் வேண்டாத கிரீம் வேறு சாதி. முகத்துக்குப் பூசும் 'வேனிஷிங் கிரீம்' என்று அந்தக் காலத்தில் விற்றார்களே, ஏறக்குறைய அதன் உடன்பிறப்பு. ஸ்டியரிக் அமிலம் என்ற மெழுகு போன்ற கொழுப்பு, கொஞ்சம் எண்ணெய், கிளிசரின், நிறையத் தண்ணீர். அந்த ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் காரம் சேர்த்து சோப்பாக்குவார்கள். அந்தச் சிறிதளவு சோப்பு, எண்ணெய்த் துளிகளையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்துவைக்கத்தான். மீதி அமிலம் அப்படியே இருந்து வழுவழுப்பைத் தருகிறது.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நம் தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, பி.எச். அளவில் 5 பக்கம் நிற்கும். சோப்பு நுரை 9, 10 என்று காரப் பக்கம் போய்விடும். பிரஷ் வேண்டாத கிரீம் 8-ஐ ஒட்டி நிற்கும். வறண்ட தோலுக்கும் வயசான தோலுக்கும் இந்த வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

நுரையே வரலையே, இது வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?

நுரை வராது, வரவும் கூடாது. ஈரமான முகத்தில் ஒரு சீரான வெள்ளைப் படலம் தெரிந்தால் போதும். பிளேடு போன பாதை வழவழப்பாக இருக்கிறதா, இழுக்கிறதா என்பதுதான் சோதனை. இழுத்தால் கிரீம் காய்ந்துவிட்டது, அல்லது முடி நனையவில்லை. கிரீமை மேலே மேலே அப்பாமல் ஈரக் கையால் இன்னொரு முறை தடவுங்கள்.

டியூப்ல எதைப் பாத்து வாங்கணும்?

கம்பெனிப் பெயர் சொல்லச் சொல்லித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. ஒரே பெயரில் இந்த வருஷம் ஒரு சேர்மானம், அடுத்த வருஷம் வேறொன்று என்று வந்துகொண்டே இருக்கிறது. டியூபைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கக் கற்றுக்கொண்டால் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

முதலில் முன்பக்கம் 'பிரஷ்லெஸ்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். 'லேதர்' (நுரை) என்று இருந்தால் அது நுரைக் கிரீம். அடுத்து, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல். நம் நாட்டு விதிப்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். தண்ணீர், ஸ்டியரிக் ஆசிட், கிளிசரின் என்று ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. மினரல் ஆயில், லிக்விட் பாராஃபின், லானோலின் என்று எண்ணெய்ப் பொருள் ஒன்றும் முன்வரிசையில் இருக்கும். லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. வறண்ட தோலுக்கு அருமையான பொருள், ஒரு சிலருக்கு மட்டும் அரிக்கும்.

ட்ரைஎத்தனாலமைன், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன அந்தச் சிறு பங்கைச் சோப்பாக்கும் காரங்கள் அவைதான். கலந்தபின் அவை தனிக் காரமாக நிற்பதில்லை.

நான் கவனித்துப் பார்ப்பது வேறு இரண்டு இடங்களை. ஒன்று வாசனை. 'பர்ஃப்யூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள், அதற்குள் பத்து இருபது பொருள்கள் ஒளிந்திருக்கும். தோல் அரிப்புக்கு அடிக்கடி காரணமாவது அதுதான். 'அன்சென்டட்' என்றால் வாசனை தெரியாது என்றுதான் பொருள். மூலப்பொருளின் வாடையை மறைக்க உள்ளே வேறு வாசனை சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ்-ஃப்ரீ' என்றால்தான் வாசனைப் பொருள் சேர்க்கவில்லை என்று அர்த்தம். கடையில் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைக்காத ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

இரண்டாவது, கெடாமல் இருக்கப் போடும் பொருள். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற நீளமான பெயர் இருந்தால், தோல் எளிதில் சிவக்கிறவர்கள் அந்த டியூபை வைத்துவிடுங்கள். அமெரிக்காவின் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2013-இல் இதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது.

தோலுக்கு இதம் தரும் அலன்டாயின், பேந்தனால், சோற்றுக்கற்றாழை இருந்தால் நல்லது. ஆனால் டியூப் முழுக்கக் கற்றாழைப் படம் போட்டுவிட்டு, பட்டியலில் கடைசி ஆளாக அதை எழுதியிருப்பார்கள். படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

'சென்சிடிவ் ஸ்கின்'னு போட்டிருந்தா வாங்கலாமா?

அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பின்பக்கம் பாருங்கள்.

குளுகுளுன்னு இருக்கறது நல்லதுதானே, நம்ம ஊர் வெயிலுக்கு?

மென்தால் தோலைக் குளிர்விப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். நல்ல தோலுக்கு அது சுகம். கீறல் விழுந்த தோலுக்கு நெருப்பு. அப்பச்சிக்கு முதல் முறை நான் வாங்கியது அப்படி ஒரு டியூப்தான். சித்திரை வெயிலாயிற்றே, இதமாக இருக்கும் என்று நினைத்தேன். பேச்சு சரியாக வராத காலம் அது. பாதிச் சவரத்தில் அவர் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. மருந்துக்கடைக்காரன் செய்திருக்கக் கூடாத தவறு. சொல்ல முடியாதவர்களுக்கு மென்தால் வேண்டாம்.

எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. எந்த கிரீம் போட்டாலும் முகம் வறவறன்னு ஆயிடுது.

இந்தக் கேள்வியை நான் வாரத்துக்கு நாலு முறை கேட்கிறேன். காரணம் கிரீமில் இல்லாமலும் இருக்கலாம். கடினநீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சோப்பு அவற்றோடு சேர்ந்தால் திரிந்துபோய் வெள்ளைப் பிசுக்காகிறது. வாளி விளிம்பில் படிகிறதே, அதே பிசுக்கு முகத்திலும் படிகிறது. நுரைக் கிரீம் இதில் பாதிக்கு மேல் தோற்றுப்போகும், நுரையே நிற்காது. பிரஷ் வேண்டாத கிரீம் நுரையை நம்பி இல்லாததால் உப்புத் தண்ணீரிலும் வழுக்கும். ஆனால் கழுவும்போது அதிலிருக்கும் கொஞ்சம் சோப்பும் திரியத்தான் செய்யும். அதனால் போடுவது எளிது, போக்குவதுதான் சிரமம்.

இதற்கு நம் வீடுகளிலேயே வழி இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டில் நாலு பக்கக் கூரையும் வளவுக்குள் சரிந்து, மழைத்தண்ணீர் முற்றத்தில் வந்து விழும்படிதானே கட்டியிருக்கிறார்கள்? குழாய் வாயில் அண்டா வைத்துப் பிடித்த தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்று ஆச்சிமார் சொல்வார்கள். காரணம் ஒன்றுதான்: அதில் கால்சியம் கிடையாது. முதல் மழையை ஓடவிட்டு, கூரை கழுவிய பிறகு விழுவதைப் பிடித்து மூடிவையுங்கள். ஒரு சவரத்துக்கு இரண்டு சொம்பு போதும். முகம் நனைக்க ஒன்று, கடைசியாகக் கழுவ ஒன்று. மழைத்தண்ணீர் இல்லாத மாதங்களில் குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடை அலச மட்டும் உப்புத் தண்ணீர் போதும்.

தண்ணீர் கடினமா என்று தெரிய ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிறைந்து தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை அமுங்கிப் பால் மாதிரி கலங்கினால் கடினநீர். அன்றைக்கே கிரீமைப் பற்றிய உங்கள் புகாரில் பாதி தீர்ந்துவிடும்.

எப்படிப் போடணும்? குளிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

டாக்டர்கள் குளித்தபின் மழிக்கச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் சவரம் செய்துவிட்டுக் குளிக்காமல் உள்ளே வர விடமாட்டார்கள். இரண்டு பேர் சொல்வதையும் காப்பாற்றலாம். டாக்டர் சொல்வதன் நோக்கம் முடி ஊறுவது. அதைக் குளிக்காமலும் செய்யலாம்.

முதலில் சோப்பு அதிகம் இல்லாத எதையாவது கொண்டு முகத்தைக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் போட்டு இரண்டு மூன்று நிமிஷம் வைத்திருங்கள். மாவு ஊறாமல் முறுக்கு பிழிவோமா? தாடி மயிரும் தண்ணீரை உறிஞ்சி குறுக்கே சுமார் 15 சதவீதம் பருக்கும், அப்போது மென்மையாகிவிடும். காய்ந்த மயிரை வெட்டுவதைவிட நனைந்த மயிரை வெட்டக் குறைந்த விசை போதும். இந்த மூன்று நிமிஷத்தை மிச்சப்படுத்தத்தான் எல்லோரும் விலை கூடின கிரீம் வாங்குகிறார்கள்.

துண்டை எடுத்ததும் முகத்தைத் துடைக்காதீர்கள். ஈரம் சொட்டாமல், ஆனால் ஈரமாகவே இருக்க வேண்டும். புளியங்கொட்டை அளவு கிரீம் எடுத்து மெல்லியதாகத் தடவி, விரல் நுனியால் முடி வளர்ந்த திசைக்கு எதிராக ஒரு முறை நீவிவிடுங்கள். முடி நிமிர்ந்து அடியிலும் கிரீம் படும். ஒரு நிமிஷம் விடுங்கள். அதிகமாக அப்பினால் பிளேடுக்கு நடுவில் பசை மாதிரி அடைத்துக்கொள்ளும். மூன்று நான்கு பிளேடு உள்ள ரேசரில் இது பெரிய தொல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் அலச வேண்டும். பழைய இருபக்க பிளேடு ரேசரில் இந்தச் சிக்கல் குறைவு.

முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். கன்னத்தில் அது கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி சுழித்துக்கொண்டு போகும். விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மழித்தபின் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். பிறகு குளிக்கப் போகலாம்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர்கள் முகத்தில் எண்ணெயோடு கிரீமைத் தடவாதீர்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீரை உள்ளே விடாது. பலர் செவ்வாய், வெள்ளியில் மழிப்பதில்லை. அதில் ஒரு நன்மை, தோலுக்கு ஓய்வு கிடைக்கிறது. தினமும் மழித்து எரிச்சல்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் மருந்தும் அந்த ஓய்வுதான்.

படுக்கையில இருக்கற அப்பாவுக்கு எப்படிப் பண்றது? பயமா இருக்கு.

பயம் இருந்தால் நல்லது, கை மெதுவாகப் போகும். பிரஷ் வேண்டாத கிரீம் மிகவும் உதவுவது இந்த இடத்தில்தான். நுரை வழிந்து வாய்க்குள் போகாது, தலையணை நனையாது, குவளையும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு தடுமாற வேண்டாம்.

தொடங்கும் முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்னக் கீறலும் நிற்காமல் கசியும். அவர்களுக்கு பிளேடும் வேண்டாம், கிரீமும் வேண்டாம். காய்ந்த முகத்தில் எலெக்ட்ரிக் ஷேவர்தான் பாதுகாப்பு. ஆக்ஸிஜன் வைத்திருந்தால் மினரல் ஆயில், பாராஃபின் கலந்த எதையும் முகத்தில் தடவாதீர்கள். அவை எளிதில் தீப்பற்ற உதவும். எலெக்ட்ரிக் ஷேவரும் அப்போது கூடாது. நர்ஸைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம். சர்க்கரை இருந்தால் மழித்தபின் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

தலைமாட்டை உயர்த்தி முதுகுக்குத் தலையணை கொடுங்கள். மார்பில் காய்ந்த துண்டு. பல்செட் இருந்தால் கழற்றாதீர்கள், போட்டுவிடுங்கள். கன்னம் உள்ளே ஒடுங்காமல் நிற்கும். வெதுவெதுப்பான துண்டை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள். பக்கவாதம் வந்த பக்கம் சூடு அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

வயசான தோல் தொங்கும், மடியும். இடது கை விரலால் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன இழுப்பாகக் கீழ்நோக்கி வாருங்கள். ரேசரை அழுத்தவே வேண்டாம். அதன் எடை போதும். மரு, மச்சம் இருந்தால் சுற்றிப் போங்கள். மேலுதட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் முடி தடிப்பு, அதுவரைக்கும் ஊறட்டும்.

என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லுங்கள். "அப்பச்சி, இப்ப இந்தக் கன்னம்" என்று சொல்லிவிட்டுத்தான் நான் ரேசரை வைப்பேன். ஞாபகம் தடுமாறுகிறவர்களுக்கு முகத்துக்கு நேரே கத்தி வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முடிந்தால் ஒரு கையில் கண்ணாடியைக் கொடுங்கள். அப்பச்சி இடது கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, விட்டுப்போன இடத்தை மோவாயை நீட்டிக் காட்டுவார். அவருடைய சவரத்தில் அவருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும்.

இன்னொன்று. கிரீம் தரையில் சிந்தினால் உடனே துடையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இந்த எண்ணெய்ப் பசை கண்ணாடி மாதிரி வழுக்கும். சவரம் செய்துவிட்டது நல்லபடியாக, எழுந்து நடந்தவர் விழுந்தார் என்று ஆகிவிடக் கூடாது.

மழிச்ச மறுநாள் கழுத்துல சின்னச் சின்னக் கொப்புளம். கிரீமை மாத்தணுமா?

கழுத்தில் மட்டும் வந்தால் கிரீம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சுருண்ட முடியை ஒட்ட மழித்தால் அதன் கூரிய நுனி திரும்பித் தோலுக்குள் நுழைந்துகொள்ளும். எதிர்த் திசையில் மழிப்பது, தோலை இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டுவது, பல பிளேடு ரேசர், எல்லாம் இதைக் கூட்டும். ஒற்றை பிளேடுக்கு மாறி, ஒரு முறை மட்டும், முடியின் திசையில் போங்கள். கொப்புளம் இருக்கும்வரை மழிக்காதீர்கள். கிரீம் தடவிய இடமெல்லாம், பிளேடே படாத காதோரத்திலும் சேர்த்து, சிவந்து அரித்தால் அப்போது கிரீமைச் சந்தேகியுங்கள். சீழ் கோத்தாலோ தடித்தாலோ தோல் டாக்டர்தான்.

பிளேடையும் பாருங்கள். ஐந்திலிருந்து ஏழு சவரத்துக்கு ஒரு பிளேடு என்பது கணக்கு. எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர் எப்படி பிளேடை மழுங்க வைக்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். முனை தேய்வதோடு நிற்கவில்லை. சில கோணங்களில் மயிர் மோதும்போது அதில் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. பெயர்ந்த பிளேடு கண்ணுக்குப் புதுசு மாதிரிதான் இருக்கும், கழுத்து காட்டிக்கொடுக்கும்.

பதினாறு வயசுப் பையன், முதல் சவரம். முகத்துல பரு வேற.

எண்ணெய் அதிகமுள்ள கிரீம் அவனுக்கு வேண்டாம். வாசனையில்லாத ஜெல் போதும். பருவின் மேல் பிளேடு போகக் கூடாது. மீசை மட்டும் அரும்பியிருந்தால் ட்ரிம்மரே போதும், அவசரமில்லை.

டப்பாவை அமுக்கினா நுரை வருதே, அதுவும் பிரஷ் இல்லாததுதானே?

ஆமாம், ஆனால் அது சோப்பு நுரைதான். பிரஷ்ஷின் வேலையை உள்ளே அடைத்த வாயு செய்கிறது. பார்க்க நிறைய, தோலில் தங்குவது கொஞ்சம். அவசரத்துக்கு நல்லது, வறண்ட தோலுக்கு டியூப் கிரீம்தான் என் தேர்வு. அந்த டப்பாவை வெயில் படும் இடத்திலோ காரிலோ வைக்காதீர்கள், வெடிக்கும்.

புதுசா வாங்கினதை எப்படிச் சோதிச்சுப் பாக்கறது?

முழங்கை உள்மடிப்பில் ஒரு ரூபாய்க் காசு அளவு தடவி, சவரத்துக்கு ஆகும் நேரம், ஐந்து நிமிஷம் போல, வைத்துக் கழுவுங்கள். தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் அதே இடத்தில். சிலருக்கு ஒவ்வாமை நாலாம் நாளுக்கு மேல்தான் வெளியே வரும், அதனால் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் புது கிரீம் வாங்கும் மாப்பிள்ளைகளை நான் பழைய டியூபோடு திருப்பி அனுப்புகிறேன். சாந்தி என்று நாங்கள் சொல்லும் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளும் மாப்பிள்ளைக்கும் அதே விதிதான்.

பழனி நடந்துட்டு வந்திருக்கேன். ஒரு மாசத் தாடி. நேரா கிரீம் போடலாமா?

தைப்பூசம் முடிந்த வாரத்தில் வரிசையாக வரும் கேள்வி இது. விரதத்தில் வளர்ந்த தாடியில் நேரே பிளேடு வைத்தால் இழுத்துப் பிடுங்கும். முதலில் கத்தரியாலோ ட்ரிம்மராலோ ஒட்ட வெட்டிவிடுங்கள். குன்றக்குடியிலிருந்து நடந்த வெயிலில் கன்னத்தின் மேற்பகுதி கருத்துக் காய்ந்திருக்கும், தாடிக்குக் கீழே இருந்த தோலோ வெயிலே படாமல் மென்மையாகியிருக்கும். துண்டை ஐந்து நிமிஷமாவது போடுங்கள். அன்றைக்கு ஒரு முறை மட்டும் மழித்துவிட்டு நிறுத்துங்கள். வழவழப்பு மூன்றாம் நாள் வரட்டும்.

தடவினா முடியே கொட்டிடுமே, அந்த கிரீமும் இதுவும் ஒண்ணா?

இல்லவே இல்லை. அது தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருளால் முடியைக் கரைப்பது. கை கால் முடிக்கென்று விற்பதை முகத்தில் போட்டுப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. இரண்டு டியூபும் ஒரே அலமாரியில் இருக்கும். கண்ணாடி போட்டுப் படித்து வாங்குங்கள். பிரஷ் வேண்டாத ஷேவிங் கிரீமைப் பெண்கள் கை காலுக்குப் பயன்படுத்தலாம், அதில் தடையில்லை.

இந்த கிரீம் எல்லாம் புதுசா வந்த நாகரிகமா?

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் பார்பசால் 1919-இல் வந்தது. 1925-இல் வந்த இன்னொன்றின் பெயர் பர்மா-ஷேவ். அந்தக் கம்பெனி அதற்கு முன் விற்ற வலித்தைலத்துக்கு பர்மா, மலாய்ப் பக்கத்து எண்ணெய்கள் சேர்ந்ததாகச் சொல்லி பர்மா என்ற பெயரைச் சூட்டியிருந்தார்கள், கிரீமுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அந்த வருஷங்களில்தான் நம் ஐயாக்கள் ரங்கூனில் கடை வைத்திருந்தார்கள். அவர்கள் அனுப்பிய தேக்கு நம் வீட்டுத் தூணாக நிற்கிறது. பர்மா என்ற சொல்லைக் கேட்டாலே இந்தப் பக்கத்தில் யாருக்கும் மனசு ஒரு நொடி நிற்கும், அதனால்தான் இதைச் சொன்னேன்.

பிரஷ்ஷுக்கும் ஒரு கெட்ட காலம் இருந்தது. முதல் உலகப்போர்ச் சமயத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரைமயிர் பிரஷ்களால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் நோய் வந்து சிலர் இறந்திருக்கிறார்கள். இன்றைய பிரஷ்களில் அந்தப் பயம் கிடையாது.

சலூனுக்கு என் டியூபையே கொண்டு போகலாமா?

தாராளமாக. எந்த நல்ல சலூன்காரரும் கோபிக்க மாட்டார். பலருக்குப் போடும் ஒரே பிரஷ் உங்கள் முகத்தில் படாது என்பது கூடுதல் நன்மை. கிரீமைவிட முக்கியம், பிளேடை உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கச் சொல்வது. மஞ்சள் காமாலையின் பி, சி வகைக் கிருமிகள் பழைய பிளேடில் ஒட்டிய ரத்தத்தால் பரவும்.

மழிச்ச பிறகு படிகாரம் போடலாமா, ஆஃப்டர்ஷேவ் போடலாமா?

படிகாரம் சின்னக் கீறலின் ரத்தத்தை நிறுத்தும். கட்டியை நனைத்து அந்த இடத்தில் மட்டும் வைத்து, அரை நிமிஷத்தில் கழுவிவிடுங்கள். முகம் முழுக்கத் தேய்த்தால் வறளும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவை வறண்ட தோல்காரர்கள் விட்டுவிடுவது நல்லது. வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் போதும்.

ஒரு டியூப் எத்தனை நாள் வரும், எங்க வைக்கணும்?

டியூபில் அச்சடித்த தேதிவரைதான். அக்னி நட்சத்திரத்தில் ஜன்னலோரம் வைத்தால் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். பிரிந்ததைக் குலுக்கிச் சேர்க்க முடியாது, தூக்கிப் போடுங்கள். பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவர் உள்ள உள்ளறை எந்தக் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும், அங்கே வையுங்கள். ஈரக்கையால் டியூப் வாயைத் தொடாதீர்கள்.

அப்பாவோட பழைய பிரஷ் இருக்கு. இனிமே வேண்டாமே, போட்டுடவா?

அவரைக் கேட்காமல் போடாதீர்கள். ஐம்பது வருஷம் தினமும் கையில் பிடித்த பொருள் அது. அப்பச்சியின் பிரஷ்ஷை நான் வெந்நீரில் அலசி, மயிர்ப்பக்கம் கீழே தொங்கும்படி காற்றாட மாட்டி வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு நாள், தோல் நன்றாக இருக்கும் அன்றைக்கு, மழைத்தண்ணீரில் கொஞ்சம் நுரைக் கிரீம் குழைத்து அதை அவருடைய இடது கையில் கொடுப்பேன். வலது கன்னம்வரை அவரே தடவுவார். அங்கிருந்து நான் வாங்கிக்கொள்வேன்.